திரும்பிப் போனபோது காணாமல் போன பதினாறு பேர்

திங்கட்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு என் கைபேசி அடித்தது. செபராங் ஜெயாவில் இருக்கும் டயாலிசிஸ் சென்டரின் பொறுப்பாளர் பரமேஸ்வரி சிஸ்டர் பேசினார். நான் அப்போது கடலுக்கு இந்தப் பக்கம், தீவில், வெல்ட் கீ படகுத்துறை அருகே எங்கள் அலுவலகத்தில், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய சர்வரில் வந்த கோளாறு ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் பத்தே நிமிடத்தில் சரி செய்திருந்தேன். நன்றி சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, குரலில் கொஞ்சம் பெருமையைக் கலந்து, "சொல்லுங்க சிஸ்டர்" என்றேன்.

"சரோ, காலையில வந்த பதினாறு பேரையும் காணோம்" என்றார்.

ஆட்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். காணாமல் போனது அவர்களுடைய பதிவுகள். காலையிலிருந்து சர்வரில் யார் என்ன எழுதினார்களோ, அத்தனையும் இல்லை. பொட்டலத்தை அப்படியே மூடி வைத்தேன்.

நான் சரோஜா. சின்ன நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். என் முதலாளி காசிம் அண்ணன். எங்கள் கம்பெனியில் முதலாளியும் நானும்தான் இஞ்சினியர்கள். அதனால் யார் தப்புச் செய்தார்கள் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. இதே வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னைத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம், நானே போதுமான அளவு திட்டிக்கொண்டாயிற்று.

வீட்டை இடிக்காமல் கட்டுவது

டயாலிசிஸ் சென்டர் என்பது சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு இணைந்து படுத்திருக்கும் இடம். அங்கே பதினாறு மெஷின்கள். காலையில் பதினாறு பேர், மதியம் பதினாறு பேர். வந்தவுடன் எடை பார்ப்பார்கள். உடம்பிலிருந்து எவ்வளவு நீரை எடுக்க வேண்டும், குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை டாக்டர் சர்வரில் எழுதி வைப்பார். நர்ஸ்கள் திரையைப் பார்த்து அதன்படி செய்வார்கள்.

அந்த சர்வரில் ஓடுவது ஓர் இலவச யூனிக்ஸ் சிஸ்டம். எடை மெஷின்களை அதோடு இணைக்க ஒரு பழைய சீரியல் கார்டு இருக்கிறது. அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் என்ற புரோகிராமை இப்போது யாரும் எழுதுவதில்லை. காசிம் அண்ணன் தானே ஒரு டிரைவரைத் திருத்தி, சிஸ்டத்தின் மூல நிரலான சோர்ஸ் கோடில் சேர்த்து வைத்திருந்தார். அதனால் மற்றவர்களைப் போல ரெடிமேடாக அப்டேட்டை இறக்கிப் போட்டுவிட்டுப் போக எங்களால் முடியாது. புதிய வெர்ஷன் வந்தால் மொத்த சோர்ஸ் கோடையும் இறக்கி, அண்ணனுடைய திருத்தத்தைச் சேர்த்து, முழு சிஸ்டத்தையும் மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு நாங்களே கம்பைல் செய்ய வேண்டும். பழைய மெஷினில் அது ஒரு நாள் வேலை.

முன்பெல்லாம் இதைச் செய்யும்போது உயிர் போய் உயிர் வரும். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் மேலேயே புதியதை எழுத வேண்டும். பாதியில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பிறகு பூட் என்விரோன்மென்ட் வந்தது. குடியிருக்கும் வீட்டை இடிக்காமல், பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொரு வீட்டை எழுப்பிக்கொள்வது மாதிரி. ஓடுகிற சிஸ்டத்தை ஒரு நொடியில் நகல் எடுக்கலாம். அந்த நகலை ஓர் ஓரத்தில் மவுன்ட் செய்து, அதாவது திறந்து இணைத்து, கம்பைல் செய்த புதிய கெர்னல் என்ற மையப் பகுதியையும் மற்றவற்றையும் அதற்குள்ளே மட்டும் நிறுவலாம். ஓடுகிறதை யாரும் தொடுவதில்லை. எல்லாம் முடிந்ததும் "ஒரே ஒரு தடவை மட்டும் புதியதில் கிளம்பு" என்று சொல்லி ரீபூட் செய்யலாம். புதியது கிளம்பாமல் மாட்டிக்கொண்டால், அடுத்த ரீபூட்டில் தானாகவே பழையதுக்கு வந்துவிடும். கிளம்பி நன்றாக ஓடினால் அதையே நிரந்தரமாக்கிக்கொள்ளலாம். பழையது அப்போதும் அழியாது, கேட்டால் திரும்ப வரும்.

இந்த வசதியில் எனக்கு அப்படி ஒரு காதல். சென்டரில் மேம்படுத்தலுக்கு அனுமதி கேட்கப் போனபோது பரமேஸ்வரி சிஸ்டர் ஒரே கேள்விதான் கேட்டார். ஏதாவது கோளாறு வந்தால் என்ன செய்வாய் என்றார். பத்து நிமிடத்தில் பழையபடி திரும்பிவிடுவேன், ஒன்றும் காணாமல் போகாது என்றேன். அந்த வாக்கியத்தின் பின்பாதியை நான் சோதித்துப் பார்த்ததே கிடையாது.

சோதிக்கவில்லை என்றால், பார்க்கவே இல்லை என்று அர்த்தமில்லை. பார்த்தேன். அதுதான் கொடுமை. இந்த சிஸ்டத்தில் டிஸ்க்கை டேட்டாசெட் என்று தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பூட் என்விரோன்மென்ட்டுக்குள் இருக்கும் பகுதி சிஸ்டத்தோடு சேர்ந்து மாறும். வெளியே இருக்கும் பகுதி மாறாது. பட்டியலைப் போட்டுப் பார்த்தபோது டேட்டாபேஸ் இருக்கும் 'வார்' என்ற டைரக்டரியின் பெயர் தனி டேட்டாசெட்டாகக் கண்ணில் பட்டது. சரி, தகவல்கள் வெளியேதான் இருக்கின்றன என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அதே வரியில் இரண்டு கட்டம் தள்ளி, "மவுன்ட் ஆகவில்லை" என்று இருந்தது. அந்த டேட்டாசெட் வெறும் பெயர்ப்பலகை. தனக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று பகுதிகளைத் தாங்குவதற்காக இருக்கிறதே தவிர, அதற்குள் ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் உண்மையில் சிஸ்டத்தோடு ஒட்டிக்கொண்டு பூட் என்விரோன்மென்ட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தது.

சென்டருக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை பகலில் மேம்படுத்தினேன். புதியது ஜம்மென்று கிளம்பியது. எடை மெஷின்களில் நானே ஏறி நின்று பார்த்தேன், நான்கிலும் ஒரே எடைதான் காட்டியது, எனக்குப் பிடிக்காத எடை. நிரந்தரமாக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பத்து நிமிடப் பெருமை

மறுநாள் திங்கட்கிழமை காலை ஷிப்ட் புதிய சிஸ்டத்தில் நடந்தது. பதினொரு மணிக்குச் சென்டர் கவுண்டரிலிருந்து போன் வந்தது. ரத்த மாதிரிப் புட்டிகளில் ஒட்டும் லேபிள் வெறும் வெள்ளையாக வருகிறதாம். லேபிள் பிரிண்டருக்கான ஒரு சின்னப் புரோகிராமைப் புதிய வெர்ஷனுக்கு மறுபடியும் கம்பைல் செய்ய மறந்திருந்தேன். உட்கார்ந்து சரி செய்ய மூன்று மணி நேரமாவது பிடிக்கும். ஆனால் மதிய ஷிப்டில் எல்லோருக்கும் மாதாந்திர ரத்தப் பரிசோதனை, லேபிள் உடனே வேண்டும்.

இதற்குத்தானே பூட் என்விரோன்மென்ட் என்று எனக்கு உள்ளூர ஒரே உற்சாகம். இரண்டு ஷிப்டுக்கும் நடுவே, பன்னிரண்டு பத்துக்கு, அலுவலகத்திலிருந்தபடியே பழையதைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்தேன். மெஷின் எழுந்தது. லேபிள் அச்சானது. காசிம் அண்ணனிடம் போய், பார்த்தீர்களா என்று அளந்துவிட்டு சோறு வாங்கப் போனேன்.

அங்கே சென்டரில் பெருமாள் என்பவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். திங்கள், புதன், வெள்ளி மதிய ஷிப்ட். சனிக்கிழமை அவருக்கு வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு ஏற்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தைத் திங்கள் காலையில் பார்த்த சென்டர் டாக்டர், இரண்டு வாரத்துக்கு ஹெப்பரின் கூடாது என்று சர்வரில் எழுதிவிட்டு, அவருக்குப் போனிலும் சொல்லியிருக்கிறார். ரத்தம் கசிகிறவருக்கு, ரத்தத்தை உறையவிடாத மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பரமேஸ்வரி சிஸ்டர் அன்று மதியம்தான் வேலைக்கு வந்தார். டாக்டர் காலையில் எழுதியது அவருக்குத் தெரியாது. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. மெஷினோடு இணைப்பதற்கு முன்னால், திரையில் இருப்பதை நோயாளியிடமே சத்தமாக வாசித்துக் காட்டுவார். மற்ற நர்ஸ்கள் அதைக் கிண்டல்கூடச் செய்வார்களாம். அன்றும் வாசித்திருக்கிறார், ஹெப்பரின் வழக்கம்போல என்று. நான் காலத்தைப் பின்னால் தள்ளிய திரை, ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுபோன திரை, அவருக்கு அப்படித்தான் காட்டியது.

"அந்த மருந்து வேணாம்னு காலையில டாக்டர் போன்ல சொன்னாரே சிஸ்டர்" என்றாராம் பெருமாள்.

சிஸ்டர் கையை எடுத்துவிட்டார். பிறகு காலைப் பதிவுகளைத் தேடியிருக்கிறார். ஒன்றுகூட இல்லை. உடனே என்னைக் கூப்பிட்டார்.

இரண்டு பக்கமும் பாதிப் பாதி

போனைக் காதில் வைத்தபடியே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. காலைப் பதிவுகள் அழியவில்லை. புதிய பூட் என்விரோன்மென்ட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன. நாங்கள் அதை விட்டு வெளியே வந்துவிட்டோம், அவ்வளவுதான். மறுபடியும் புதியதுக்கு மாற்றினால் எல்லாம் வந்துவிடும். கட்டளையைத் தட்டியே விட்டேன். என்டர் மட்டும்தான் பாக்கி.

பின்னால் வந்து நின்ற காசிம் அண்ணன் திரையைப் பார்த்தார். அவர் சாதாரணமாகக் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"கொஞ்சம் நில்லு சரோ. ஒரு மணிக்கு மிஷின்ல ஏறுனவங்க எதுல இருக்காங்க?"

அதற்குள் ஏழு பேரை இணைத்து, எடையையும் ரத்த அழுத்தத்தையும் பழைய சிஸ்டத்தில் பதிந்திருந்தார்கள். நான் என்டரைத் தட்டியிருந்தால் காலைப் பதினாறு பேர் திரும்பி வந்திருப்பார்கள், மதியம் வந்த ஏழு பேர் காணாமல் போயிருப்பார்கள். அதுவும் அவர்கள் மெஷினில் படுத்திருக்கும்போதே. விரலை எடுத்தேன்.

முதலில் சிஸ்டரிடம் யாரும் சர்வரில் எதையும் எழுத வேண்டாம், எல்லாவற்றையும் பேப்பரில் எழுதுங்கள் என்றேன். திரையில் இருக்கும் மருந்து அளவை நம்ப வேண்டாம், டாக்டரையே கேளுங்கள் என்றும் சொன்னேன். அதை ஏற்கெனவே செய்துவிட்டதாகச் சொன்னார். பிறகு என் கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபெர்ரிக்கு ஓடினேன். போனிலேயே வேலையை முடித்திருக்கலாம். ஆனால் சில தப்புகளுக்கு ஆள் நேரில் போய் நிற்க வேண்டும்.

சிஸ்டர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஒன்னும் காணாமப் போகாதுன்னு நீதானே சொன்ன? உன் பேச்ச நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்? பெருமாள் அண்ணே வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் என்னா பண்ணியிருப்பேன், சொல்லு."

என் தப்புத்தான் சிஸ்டர் என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அது சால்ஜாப்பு. சர்வர் இருக்கும் சின்ன அறைக்குப் போய், தரையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன்.

பழையதில் இருந்தபடியே, புதிய பூட் என்விரோன்மென்ட்டை எதையும் எழுத முடியாதபடி ஓரமாக மவுன்ட் செய்தேன். அதிலிருந்து டேட்டாபேஸை நகலெடுத்து, நகலைத் தனியாக ஓடவிட்டு, அன்று காலையில் எழுதியவற்றை மட்டும் வெளியே எடுத்தேன். பதினாறு பேரின் பதிவுகளும் டாக்டரின் மூன்று புதிய உத்தரவுகளும் கிடைத்தன. அவற்றைப் பழைய டேட்டாபேஸில் சேர்த்தேன். மதியத்தில் ஏறிய ஏழு பேரும் அங்கேயே இருந்தார்கள். சேர்த்ததோடு விட சிஸ்டர் சம்மதிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, காலை ஷிப்ட் நர்ஸைப் போனில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு எண்ணையும் என்னை வாசிக்க வைத்தார். டாக்டருக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காசிம் அண்ணனும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். நான் கேட்கவில்லை, அவராகவே போட்டார்.

கிளம்பும்போது பெருமாள் மெஷினில் படுத்திருந்தார். அவரிடமும் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பூட் என்விரோன்மென்ட் கதையெல்லாம் அவருக்கு எதற்கு? என் வேலையில் ஒரு தப்பு, உங்கள் மருந்து உத்தரவு சிறிது நேரம் மறைந்துவிட்டது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்கு ஏம்மா இப்படி அழுவுற மாதிரி நிக்கிற? எனக்கு ஒன்னும் ஆகல லா. போய் மொதல்ல சாப்பிடு."

காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தோற்றுப்போன புதன்கிழமை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்ன அறையில் மேம்படுத்தலைத் தொடுவதற்கு முன்பே வேறொரு வேலையைச் செய்தேன். டேட்டாபேஸை நிறுத்தி, அதற்கென்று உண்மையிலேயே தனி டேட்டாசெட் உருவாக்கி, தகவல்களை அங்கே மாற்றினேன். இந்தத் தடவை பெயரை மட்டும் பார்க்கவில்லை. மவுன்ட் ஆகியிருக்கிறதா, எந்த இடத்தில், என்று கட்டம் கட்டமாகப் பார்த்தேன். டேட்டாபேஸ் வெர்ஷனை மாற்றவில்லை. மாற்றினால் பழைய சிஸ்டத்தால் அதைப் படிக்க முடியாது. டிஸ்குகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் பூலையும் மேம்படுத்தச் சொல்லி சிஸ்டம் ஆசை காட்டியது, தொடவில்லை. தொட்டால் திரும்பிப் போகும் கதவு சாத்திக்கொள்ளக்கூடும்.

பிறகு லேபிள் புரோகிராமையும் சேர்த்து மேம்படுத்தி முடித்து, விடுமுறை நாளென்றும் பார்க்காமல் சிஸ்டரை வரச் சொன்னேன். அவரும் வந்தார். புதிய சிஸ்டத்தில் அவர் கையாலேயே ஒரு பொய் நோயாளியைப் பதியச் சொல்லி, பழையதுக்குத் திரும்பி, அந்தப் பதிவு இருக்கிறதா என்று காட்டினேன். இருந்தது. இன்னொரு தடவை செய் என்றார். செய்தேன். மூன்றாவது தடவையும் செய்யச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் அந்த மேம்படுத்தலும் நிலைக்கவில்லை. திங்களும் செவ்வாயும் நன்றாக ஓடியது. புதன்கிழமை காலை ஷிப்ட் முடியும் நேரத்தில், ஓர் எடை மெஷின் முந்தைய ஆளின் எடையையே அடுத்தவருக்கும் காட்டியது. காசிம் அண்ணனின் டிரைவர் புதிய கெர்னலோடு இரண்டு நாளுக்கு மேல் ஒத்துப்போகவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்த அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்த மூன்றாவது மேம்படுத்தல்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த வேலையில் எனக்குப் பிடித்த நாள் எது என்று கேட்டால், எல்லாம் வெற்றியாக முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல மாட்டேன். தோற்றுப்போன புதன்கிழமையைத்தான் சொல்வேன்.

தவறான எடையோடு மதிய ஷிப்டைத் தொடங்க முடியாது. பழைய சிஸ்டத்துக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். திங்கள் முதல் அன்று காலை வரை எண்பது பேரின் பதிவுகள் சர்வரில் இருந்தன. இந்தத் தடவை நான் சென்டரிலேயே இருந்தேன். திரும்பப் போகிறேன் சிஸ்டர் என்றேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பழையதைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்தேன். மெஷின் எழுந்ததும் பதிவுகளைத் திறந்தேன். எண்ணிப் பார்த்தேன். எண்பதும் இருந்தன.

பன்னிரண்டரைக்குப் பெருமாள் வந்தார். எடை சரியாக வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்ததும், சிஸ்டர் திரையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்.

"ஹெப்பரின் இல்ல."

"ஆமா, இல்ல" என்றார் பெருமாள்.

திரையும் மனிதரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். சிஸ்டர் மெஷினோடு இணைக்கும் ஊசியைக் கையில் எடுத்தார். கதவோரம் நின்றிருந்த என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பெருமாளை இணைத்து முடித்துவிட்டு, அடுத்த நாற்காலிக்குப் போய், அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்.